கொட்டாத குளவி

டிசம்பர் 9

மழை விட்டு தேரி மணல் உலர்ந்துவிட்டது. கறுப்பி வந்துவிட்டாள்.

ஸ்கூட்டியை உடைமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கிய உடனே பார்த்தேன். தன்னைவிடப் பெரிய வெட்டுக்கிளியைக் கால்களுக்கு நடுவே போட்டு, அதன் உணர்கொம்பைக் கவ்வி இழுத்துக்கொண்டு சிவப்பு மணல் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். பாதி ஏறுவாள், மணல் சரியும், கீழே வருவாள். மறுபடி ஏறுவாள். வெட்டுக்கிளி சாகவில்லை. கொட்டியதில் மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். வளைக்குள் கொண்டுபோய்ப் போட்டு, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, வாசலை மூடிவிட்டுப் போய்விடுவாள். இவர்களுக்குக் கூட்டம் கிடையாது, ராணி கிடையாது. ஒவ்வொருத்தியும் தனியாள்.

உடல் முழுக்கக் கறுப்பு. இறக்கையும் கறுப்புதான், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நீலம் ஓடும். முகத்தில் மட்டும் வெள்ளி முடி. என்னிடம் இருக்கும் எந்த நூலிலும் இவள் இல்லை. இரண்டு பருவமாகப் பெண் குளவிகளை மட்டும் பிடித்திருக்கிறேன். ஆண் ஒன்றுகூட அகப்படவில்லை. இந்தப் பருவத்தில் அகப்பட்டாக வேண்டும். மார்ச்சோடு என் ஆய்வுக் காலம் முடிகிறது.

இதில் குளவியைப் பற்றி மட்டும் எழுதுவதென்று இருக்கிறேன்.

டிசம்பர் 10

மேகமூட்டம். ஒன்றும் பறக்கவில்லை. மருந்துக்கடைக்குப் போய் வந்தேன். நாசரேத்தில் வாங்கவில்லை, உடன்குடி வரை போய் வாங்கினேன். இங்கே கடைக்காரருக்கு என் மாமியாரைத் தெரியும்.

டிசம்பர் 11

நினைத்ததுதான். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

டிசம்பர் 17

தும்பைச் செடிகளுக்குப் பக்கத்தில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஆண் குளவிகளுக்கு வேட்டை கிடையாது. பூவில் தேன் குடித்துவிட்டுப் பெண்ணைத் தேடிச் சுற்றும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. வளை ஒன்றைத் தோண்டி அளந்தேன். ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கி இடப்பக்கம் திரும்புகிறது. குப்புறப் படுத்துத் தோண்டுவதுதான் வழக்கம். இன்று ஒருக்களித்துப் படுத்துத் தோண்டினேன். மணல் கண்ணில் விழுந்தது.

திரும்பும்போது மேட்டுப்பாதையை விட்டு, சுற்றிப்போகும் தார்ச்சாலையில் மெதுவாக வந்தேன். பெட்ரோல் வீண்.

டிசம்பர் 25

ஆராதனைக்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள். அத்தை முந்திரிக்கொத்து போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் வாடை அடித்ததும் கொல்லைப்பக்கம் ஓடினேன். வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பினால் அத்தை கரண்டியோடு நிலைவாசலில் நிற்கிறார்கள்.

"என்னட்டி?"

"பித்தம் அத்த."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். பிறகு, "சரி. நீ அடுப்புப் பக்கம் வராண்டாம்," என்று சொல்லி உள்ளே போய்விட்டார்கள். என் மாமியார் எப்சிபாய் என்றால் தெருவே பயப்படும். அவர்கள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் துரைக்கு ஒன்றும் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் பையன்களுக்கு கேக் வாங்கிக் கொடுத்துவிட்டு, காகிதத் தொப்பியோடு வந்து நின்றார். சந்தோஷமாக இருந்தார். அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 6

கோழிக்கோட்டிலிருந்து சுகதன் சார் போன் செய்தார். குளவிகளை அடையாளம் காண்பதில் அவரை விட்டால் ஆள் இல்லை. என் விவரிப்பைப் படித்துவிட்டார்.

"முகத்தட்டு, இடைக்காம்பு, எல்லாம் நன்னாயிட்டு எழுதியிருக்கு. பக்ஷே பியூலா, ஆண் எங்கே?"

"கிடைக்கல சார். பெண்ண மட்டும் வச்சுப் பதிப்பிக்கக் கூடாதா?"

அப்போதுதான் சொன்னார். நூறு வருடத்துக்கு முன்னால் இலங்கையில் பிடித்த ஒற்றை ஆணை வைத்து ஒருவர் ஒரு கறுப்புக் குளவியை விவரித்திருக்கிறாராம். அதன் பெண்ணை இதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் புதிது என்று சொல்லுகிற பெண், அந்த ஆணின் ஜோடியாக இருந்தால்?

"அப்படி இருந்தா புது இனம் இல்ல. நீ புதுப் பேர் வைச்சா அது தப்பு. ஆணைக் கொண்டு வா, ஒப்பிட்டுப் பார்க்கலாம்."

போனை வைத்துவிட்டு அறைக்குள்ளேயே நடந்தேன். அத்தை, "எதுக்குப் பிள்ள இப்பிடி அங்கயும் இங்கயும் அலையுத? உக்காரு," என்றார்கள். உட்கார முடியவில்லை.

ஜனவரி 14

பாளையங்கோட்டை போனேன். நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"பாரும்மா. நல்லா இருக்கு."

"சரிங்க டாக்டர்."

"போன ரெண்டு தடவ ஆனதுக்கு நீ காரணமில்ல. அதுவும் அஞ்சாம் மாசம் ஆச்சே, அது கர்ப்பப்பை வாய் தாங்காததால. வண்டி ஓட்டுனது, மண்ணு தோண்டுனதுன்னு ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க. இந்தத் தடவ முன்கூட்டியே தையல் போட்டுருவோம். வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும்."

"நானே போடக் கூடாதா?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அவருக்கு இன்னும் சொல்லலியா?"

சொல்லவில்லை. போன தடவை தேக்கில் தொட்டில் வாங்கிவந்தார். சுவருக்கு மஞ்சள் அடித்தார். பிறகு ஒரு மத்தியானம் தொட்டிலை அவரே கழற்றினார். நான் பக்கத்து அறையில் படுத்திருந்தேன். ஒவ்வொரு திருகாக மரத்தை விட்டு வருகிற கிறீச் சத்தம் கேட்டது. நடுநடுவே நின்றுபோகும். மறுபடி தொடங்கும். அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க என்னால் ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

குளவியைப் பற்றி மட்டும் என்று எழுதியிருந்தேன்.

ஜனவரி 19

இன்று துரையின் காரில் தேரிக்குப் போனேன். ஸ்கூட்டி டயர் பஞ்சர் என்று சொல்லியிருந்தேன். முன்னும் பின்னும் பெரிய 'எல்' எழுத்து போட்ட கார். நான் வலையோடு அலைந்தபோது அவர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். குளவி என்றால் அப்படி ஒரு பயம்.

ஆண் இல்லை. கொல்லாமரங்கள், அதாவது முந்திரி, பூக்கத் தொடங்கிவிட்டன. அங்கே பார்க்க வேண்டும்.

திரும்பும் வழியில் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "பாளையங்கோட்டையில நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்," என்றேன்.

"எதுக்கு?"

"தையல் போடணுமாம். உள்ள."

வண்டியை ஓரங்கட்டினார். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, முறைப்படி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே. இன்ஜினை அணைத்தார்.

"எத்தன மாசம்?"

"மூணு முடியப் போவுது."

எதிரே பனைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பம் இந்தக் குழியெல்லாம் இம்புட்டு நாளும் நீயா தோண்டுன?"

"ஆமா."

"ஏட்டி, எனக்கு வாயில நல்லா வருது. எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா ஒனக்கு?"

"தொட்டில் வாங்கிருவீங்கன்னு பயந்தேன்."

இன்ஜினைப் போட்டு வண்டியை எடுத்தார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "வாங்க மாட்டேன்," என்றார். "ஒண்ணுமே வாங்க மாட்டேன். போ, போய் படு."

ஜனவரி 24

தையல் போட்டாகிவிட்டது. படுக்கை. இடப்பக்கம்.

பிப்ரவரி 1

மின்விசிறியின் மூன்று இறக்கையில் ஒன்று மட்டும் லேசாகத் தாழ்ந்திருக்கிறது. ஜன்னலில் ஒரு மண்குளவி கூடு கட்டுகிறது. பழுப்பு மஞ்சள், எல்லா வீட்டிலும் இருக்கும் சாதாரண இனம். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அத்தை துடைப்பத்தோடு வந்தார்கள். "தட்டாதீங்க அத்த," என்றேன். "இதையும் விட மாட்டியா," என்று சொல்லிவிட்டுத் தட்டாமல் போனார்கள்.

கொல்லாம்பூ உதிரத் தொடங்கினால் பருவம் முடிந்தது. இன்னும் சில வாரங்கள். நான் இங்கே படுத்துக்கொண்டு விசிறியைப் பார்க்கிறேன். கழிப்பறைக்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது. கால் தானாக ஆடுகிறது. நிறுத்தினால் மற்றது ஆடுகிறது.

பிப்ரவரி 4

துரையிடம் எரிந்து விழுந்தேன். சாம்பாரில் உப்பில்லை என்று. உப்பு இருந்தது.

அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ஒனக்கு என்ன வேணும்? சொல்லு," என்றார்.

"ஆண் குளவி வேணும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் எழுந்துபோய் மூலையில் சாத்தியிருந்த வலையை எடுத்துவந்தார். பிடியைப் பிடித்துப் பார்த்தார்.

"அது கொட்டுமா?"

"ஆண் கொட்டாது. கொடுக்கே கெடையாது."

"எது ஆண், எது பொண்ணுன்னு எப்பிடித் தெரியும்?"

"பொண்ணுக்கு முன்னங்கால்ல மண்ணு வாருற முள்ளு இருக்கும். ஆணுக்கு இருக்காது. கொஞ்சம் மெலிஞ்சு இருக்கும்."

"பறக்கையில முள்ளு தெரியுமா?"

"தெரியாது."

"அப்பம்?"

"கொட்டலன்னா ஆண்."

ஒரு நிமிடம் என்னை முறைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரிக்கக் கூடாது என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்து, பாதியில் நிறுத்திவிட்டோம்.

பிப்ரவரி 7

காலை வகுப்புக்கு முன் தேரிக்குப் போகிறார். ஹெல்மெட், மழைக்கோட்டு, தோட்ட வேலைக்கான கையுறை. கொல்லாங்காட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ.

இதுவரை கொண்டுவந்தவை: ஒரு தச்சன் வண்டு, இரண்டு ஈக்கள், ஒரு கட்டெறும்பு. எல்லாம் கறுப்பு என்பதில் குறையில்லை.

"எறும்புக்கு இறக்க இல்லையே."

"பூவுல இருந்துச்சு."

பிப்ரவரி 12

கொட்டிவிட்டது. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில், மணிக்கட்டில். கை பன் போல வீங்கியிருக்கிறது. ஆனால் வலையை விடாமல் குப்பிக்குள் அடைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

அத்தை சுண்ணாம்பு தடவிக்கொண்டே என்னைத் திட்டினார்கள், அவரைத் திட்டினார்கள், சுகதன் சாரைப் பார்த்ததே இல்லை, அவரையும் திட்டினார்கள். துரை என் கட்டிலுக்கு வந்து குப்பியை நீட்டினார்.

"பொண்ணு," என்றார். "நல்லாத் தெரியும் எனக்கு."

கறுப்பிதான். அப்படியானால் இடம் சரி.

பிப்ரவரி 15

கிடைத்துவிட்டது!

ஒன்றல்ல, ஒரு குச்சி நிறைய. சாயங்காலம் வகுப்பு முடிந்து போயிருக்கிறார். காய்ந்த கொல்லாங்கிளையில் கறுப்பாக ஏதோ கொத்தாகத் தொங்கியிருக்கிறது. ஆண்கள் பொழுது சாய்ந்தால் இப்படி ஒன்றாகக் கூடி உறங்கும் என்று நான் படித்திருக்கிறேன், சொல்ல மறந்திருக்கிறேன். அவர் குச்சியோடு வலையில் போட்டு ஒடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றும் கொட்டவில்லை. கார் முழுக்க அவை சுற்றினவாம். கண்ணாடியை ஏற்றிவைத்தே ஓட்டி வந்தாராம்.

மெலிந்த உடல், முன்னங்காலில் முள்வரிசை இல்லை. வெறும் கண்ணுக்கே தெரிகிறது. "நாளைக்கு மைக்ராஸ்கோப்ப கட்டில் பக்கத்துல வச்சுத் தாரேன். இப்பம் ஒறங்கு," என்றார்.

பிப்ரவரி 16

அவர் காலை வகுப்புக்குப் போய்விட்டார். அத்தை மீன் வாங்கப் போனார்கள். மைக்ராஸ்கோப் மேசையில்தான் இருந்தது, கட்டிலிலிருந்து நாலெட்டு. என்னால் காத்திருக்க முடியவில்லை. நானே போய் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, நின்றுகொண்டே பார்த்தேன். முகத்தட்டின் கீழ்விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. வயிற்றின் கடைசிக் கண்டத்தில் பொன்னிற முடி. அழகு, எவ்வளவு அழகு. எழுதிக்கொண்டே இருந்தேன்.

பிறகு கழிப்பறைக்குப் போனேன். சிவப்பு.

பிப்ரவரி 20

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். ரத்தம் நின்றுவிட்டது. தையல் பிடித்திருக்கிறது. எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கிறது என்கிறார்கள். இந்த முறை திரையைப் பார்த்தேன்.

"நான் எந்திரிச்சதாலயா டாக்டர்?"

"அதனாலன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. இனிமே எந்திரிக்காத, அவ்வளவுதான்."

அத்தை திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து என் முடியில் சிக்கெடுத்தார்கள். வலிக்க வலிக்க எடுத்தார்கள்.

மேசையில் மைக்ராஸ்கோப் இல்லை, குளவிகளும் இல்லை. கோபம் வந்தது. கேட்க வெட்கமாகவும் இருந்தது. துரை தானாகவே சொன்னார்.

"கோழிக்கோட்டுக்கு அனுப்பிட்டேன். பஞ்சு வச்சு, பெட்டியில வச்சு, ஒன் சாருக்கே போன் போட்டு எப்பிடி அனுப்பணும்னு கேட்டு அனுப்பிட்டேன். அவரு பாக்கட்டும். நீ கண்ண மூடு."

பிப்ரவரி 27

சுகதன் சார் போன். அந்த இலங்கை ஆண் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறதாம். அதன் படங்களை வரவழைத்து ஒப்பிட்டிருக்கிறார். முகத்தட்டின் வெட்டு, பொன்னிற முடி, இறக்கை நரம்பு எல்லாம் ஒன்றுதான்.

புது இனம் இல்லை.

நூறு வருடத்துக்கு முன்பே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நான் யோசித்து வைத்திருந்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

"விஷமிக்காதே பியூலா, வருத்தப்படாதே. அந்தப் பெண்ணை முதல்ல பார்த்தது நீதானே. பெண்ணோட விவரிப்பு, வளை, இரை, இதெல்லாம் யார்கிட்ட இருக்கு? எழுது."

சரி என்றேன். துரைக்குச் சொன்னபோது அவர்தான் துவண்டுபோனார்.

"அப்பம் நான் கொட்டு வாங்குனது சும்மாவா?"

"சும்மா இல்லங்க."

"எவனோ வெள்ளக்காரன் ஒத்த குளவியப் புடிச்சு வச்சிட்டு..." வீங்கி வற்றிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பதிலாகப் பசி வந்தது. அத்தையிடம் கேட்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 8

போன தடவை இந்த வாரத்தில்தான். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. துரை வகுப்புகளை ரத்து செய்துவிட்டு, பழுதே இல்லாத குழாயைப் பழுது பார்க்கிறார்.

படுத்தபடி பெண் குளவியின் விவரிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். மார்புக்கண்டம் என்ற சொல்லின் நடுவில் பேனா நின்றது. அடிவயிற்றில், இடப்பக்கம், உள்ளேயிருந்து ஒரு தட்டல். வாயு என்று நினைத்தேன். அசையாமல் கிடந்தேன். இத்தனை மாதத்தில் நான் அசையாமல் கிடந்தது அப்போதுதான். மறுபடி தட்டியது.

"என்னங்க," என்று கூப்பிட்டேன். ஸ்பானரோடு ஓடிவந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஒண்ணுமில்ல. பிள்ள அசையுது."

வயிற்றில் இருப்பதைப் பிள்ளை என்று வீட்டில் யாரும் இதுவரை சொல்லவில்லை. நான் அப்படி எழுதியதும் இல்லை. அவர் கையை வைத்துப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. "இப்பமா? இப்பமா?" என்று கேட்டுக்கொண்டே வெகுநேரம் கையை எடுக்காமல் இருந்தார்.

ஏப்ரல் 19

கட்டுரை அனுப்பியாகிவிட்டது. ஆணைச் சேகரித்தவர்: ம. தங்கத்துரை. அந்த வரியைப் போட்டோ எடுத்து டிரைவிங் ஸ்கூல் குரூப்பில் போட்டிருக்கிறார். ஆய்வுக் காலம் முடிந்துவிட்டது. அடுத்து என்ன என்று தெரியவில்லை. கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே இருப்பதும் என்னோடு சேர்ந்து உதைக்கிறது.

மே 30

வெயில். எட்டாவது மாதம். தையலைப் பிரிப்பது பற்றிப் பேசுகிறார்கள். எழுத உட்கார முடியவில்லை.

ஜூலை 22

பெண். நேற்று மத்தியானம். பிறந்தவுடன் அழவில்லை, அந்தச் சிறிது நேரத்தில் நான் எங்கெங்கோ போய் வந்தேன். பிறகு அழுதாள், அறையே அதிர.

அத்தை உள்ளே வந்து பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். வராந்தாவில் யாருக்கோ போன் போட்டு உரக்க ஜெபம் பண்ணியது இங்கே கேட்டது.

இன்று காலை நர்ஸ் வந்து, "பேரு என்னம்மா வச்சிருக்கீங்க? பதியணும்," என்றாள். நானும் துரையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை மாதத்தில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தைகூட நாங்கள் பேசவில்லை. பயந்துகொண்டு இருவருமே யோசிக்கவும் இல்லை.

"என்னட்டி சொல்ல?" என்றார் மெதுவாக.

"இருங்க. மொதல்ல இவள நல்லாப் பாத்துக்கிடுதேன்."

நர்ஸ் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். துணியை விலக்கி, மடியில் ஜன்னல் வெளிச்சத்தில் கிடத்திப் பார்த்தேன். தலைமுடி கறுப்பு, நெற்றியில் தாழ இறங்கியிருக்கிறது. புருவம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவு மெல்லியது. காதோரம் பூனைமுடி. வலது கன்னம் தூங்கிய பக்கமாக அழுந்திச் சிவந்திருக்கிறது. விரல் நகங்கள் வளர்ந்து விளிம்பில் வெளுத்திருக்கின்றன. பாதத்துக்கு வந்தேன். இடது காலில் சுண்டுவிரல் உள்பக்கமாக மடங்கி, அடுத்த விரலின் அடியில் ஒளிந்திருந்தது. மெல்ல நிமிர்த்தி விட்டேன். திரும்பவும் போய் மடங்கிக்கொண்டது.

"இங்க பாருங்க, இந்த வெரலு..."

குனிந்து பார்த்தார். இடது செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி, நான் பார்க்கும்படி கட்டில் சட்டத்தின் மேல் வைத்தார்.

அப்படியே இருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம். நான் பார்த்ததே இல்லை.